யோசனைக்கும் விண்ணப்பத்துக்கும் இடையே

தொழில் தொடங்க நினைப்பவருக்குப் பணம் தரத் திட்டமே இல்லை என்று தமிழ்நாட்டில் இன்று யாரும் குறை சொல்ல முடியாது. தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், புத்தாக்க வவுச்சர் என்ற பெயரில் தொடக்கநிலை யோசனைக்கு 2 லட்சம் ரூபாய் வரையும் அடுத்த நிலைக்கு 5 லட்சம் வரையும் தருகிறது. ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் திட்டத்தில் 10 லட்சம். பெண்கள் நடத்தும் நிறுவனம், ஊரகத்துக்குப் பயன்படும் நிறுவனம் என்றால் 15 லட்சம். பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் நடத்தும் புத்தொழில்களில் முதலீடு செய்வதற்கென 2022-23 நிதிநிலை அறிக்கையில் 30 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மறு ஆண்டு அது 50 கோடியானது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் அதே மக்களுக்கு 35 சதவீத மானியத்தை ஒன்றரைக் கோடி ரூபாய் வரை தருகிறது. ஒன்றிய அரசின் உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழில் திட்டத்திலும் 35 சதவீதம் உண்டு, உச்சவரம்பு 10 லட்சம். காட்டு விளைபொருளுக்கென 2018இல் வந்த வன் தன் திட்டத்தில், சுமார் 300 உறுப்பினர் கொண்ட ஒரு மையத்துக்கு 15 லட்சம் வரை கிடைக்கும்.

இத்தனை வாசல்கள் இருந்தும், அரைகுறையாக உருவான ஒரு யோசனையோடு வருபவருக்கு இவற்றில் பெரும்பாலானவை மூடியே இருக்கின்றன. காரணம் அதிகாரிகளின் மனமல்ல, திட்டங்களின் அமைப்பு. அவை முடிந்த யோசனையைத் தேர்ந்தெடுக்கவே வடிவமைக்கப்பட்டவை. முடியாத யோசனையை முடித்துப் பார்க்கும் வேலை விண்ணப்பதாரரின் சொந்தப் பொறுப்பு என்று விடப்பட்டிருக்கிறது. அந்த வேலையைத் திட்டமே தன் முதல் கடமையாக ஏற்க வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். மாவட்டத் தொழில் மையம், இன்குபேட்டர், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, தொண்டு நிறுவனம் என்று எங்கிருந்தாவது இத்தகைய திட்டத்தை நடத்துபவரை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. வாதத்தைத் தரையில் வைத்துப் பேச, தருமபுரி மாவட்டத்தின் வத்தல்மலையை எடுத்துக்கொள்வோம்.

மலையிலிருந்து பார்த்தால்

தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், 3,000 அடிக்கு மேல் இருக்கிறது வத்தல்மலை. பால்சிலம்பு, பெரியூர் முதலிய அதன் சிற்றூர்களில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். சாமையும் கேழ்வரகும் விளையும் மண்ணில் காப்பியும் மிளகும் பலாவும் உண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் தார்ச்சாலையும் அரசுப் பேருந்தும் வந்தது அண்மைக் காலத்தில்தான். அவற்றோடு விடுமுறை நாள் சுற்றுலாப் பயணிகளும் வரத் தொடங்கினார்கள். இப்படி ஒரு மலையில் எழக்கூடிய யோசனைகளை ஊகிப்பது கடினமல்ல. காப்பிப் பழத்தை அப்படியே வியாபாரிக்குக் கொடுக்காமல் தோலுரித்துக் காயவைத்து விற்கலாமா, சாமையை உமியோடு விற்காமல் அரிசியாக்கலாமா, பயணிகளை வீட்டில் தங்கவைக்கலாமா, பலாச்சுளையை வற்றலாக்கலாமா என்று யாரும் கேட்பார்கள். இவை எல்லாமே நல்ல கேள்விகள். ஆனால் இவற்றில் எதுவும் இன்னும் தொழில் ஆகவில்லை.

இந்தக் கேள்வியோடு ஒருவர் கீழே இறங்கி வந்தால், அவரிடம் கேட்கப்படுவது திட்ட அறிக்கை. அதில் இயந்திரத்துக்கு ஜிஎஸ்டி எண்ணோடு கொட்டேஷன், வரும் ஆண்டுகளின் வரவு செலவு மதிப்பீடு, கடன் திருப்பும் அட்டவணை எல்லாம் இருக்க வேண்டும். கூடவே உத்யம் பதிவு, உணவு என்றால் பாதுகாப்பு உரிமம், நிலத்துக்குப் பட்டா. பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் நிலையில் வாங்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் ஒரு நாள் கூலி போகும். தாள்களைச் சேர்க்க முடிந்தவர்கூட அறிக்கையைத் தாமே எழுத முடியாது. நகரத்தில் ஆடிட்டரோ கம்ப்யூட்டர் சென்டர்காரரோ எழுதித் தருவார். அவர் கையில் ஏற்கெனவே ஒரு மாதிரி இருக்கும்; பெயரும் தொகையும் மாறும். ஆக, விண்ணப்பம் மேசைக்கு வரும்போது தாள் முழுமையாக இருக்கிறது, யோசனை பச்சையாகவே இருக்கிறது. முதல் மூன்று ஆண்டு லாபம் கட்டம் போட்டு எழுதப்பட்டிருக்கும். அந்தக் காப்பியை யார் வாங்குவார், என்ன விலைக்கு, எத்தனை கிலோ என்று ஒருவரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உதவிக்கு ஆளே இல்லை என்றும் சொல்ல முடியாது. உணவுப் பதப்படுத்தும் திட்டத்தில் மாவட்ட வள நபர்கள் இருக்கிறார்கள். வாழ்ந்து காட்டுவோம் திட்டத்தின் மதி சிறகுகள் தொழில் மையங்கள் ஊரகத் தொழில்முனைவோருக்கு வழிகாட்டவே அமைக்கப்பட்டவை. ஆனால் உதவியாளரின் ஊதியம் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வள நபருக்குப் பணம் வருவது வங்கிக் கடன் ஒப்பளிப்பான பிறகு. அப்படியிருக்க, ‘இந்த இயந்திரம் உங்களுக்கு இப்போது வேண்டாம்’ என்று சொல்லும் வள நபர் தன் கூலியைத் தானே வெட்டிக்கொள்கிறார். அதிகாரிக்கும் நிலைமை வேறல்ல. அவருடைய வேலை எத்தனை பேருக்கு எவ்வளவு ஒப்பளித்தார் என்ற இலக்கால் அளக்கப்படுகிறது. மார்ச் 31க்குள் செலவாகாத பணம் அவருடைய குறையாகக் கணக்கிடப்படுகிறது. ஆளுக்கு ஆள் எல்லாரும் நேர்மையாக இருந்தாலும், மொத்த அமைப்பும் யோசனையைச் சோதிக்காமல் நகர்த்தும் பக்கம் சாய்ந்திருக்கிறது.

தேர்வுக் குழுவின் கணிப்பு எவ்வளவு சரி?

திட்டம் நடத்துபவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள்: விண்ணப்பம் எப்படி வந்தாலும், நல்லதைப் பிரித்தெடுக்கத்தான் வல்லுநர் குழு இருக்கிறதே. இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த சான்று நைஜீரியாவில் கிடைக்கிறது. 2011இல் அந்நாட்டு அரசு ‘யூவின்’ என்ற பெயரில் தொழில் திட்டப் போட்டி ஒன்றை அறிவித்தது. சுமார் 24,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் 6,000 பேருக்கு நான்கு நாள் பயிற்சி தரப்பட்டது. கடைசியில் 1,200 பேர் வென்றார்கள். ஒவ்வொருவருக்கும் சராசரியாக 50,000 டாலர் அளவில் கிடைத்தது. வென்றவர்களில் ஒரு பகுதியினர் அரையிறுதிக்கு வந்தவர்களிலிருந்து குலுக்கலில் எடுக்கப்பட்டதால், பணம் பெற்றவரையும் பெறாதவரையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. உலக வங்கிப் பொருளியலர் டேவிட் மெக்கன்சி செய்த ஆய்வின்படி, பணம் பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது. புதிதாகத் தொழில் தொடங்க விண்ணப்பித்தவர்களில், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தொழில் நடத்திக்கொண்டிருந்தவர்களின் பங்கு பணம் பெற்றவர்களிடம் 37 சதவீதப் புள்ளிகள் அதிகம்.

ஆனால் அதே போட்டியின் தரவை வைத்து மெக்கன்சியும் டாரியோ சான்சோனும் செய்த இன்னோர் ஆய்வுதான் நமக்கு முக்கியம். வென்றவர்களுக்குள் நடுவர்கள் திட்ட அறிக்கைக்குப் போட்ட மதிப்பெண், பின்னாளில் யார் நிலைத்தார், யார் அதிகம் பேருக்கு வேலை தந்தார், யார் லாபம் பார்த்தார் என்பதைக் கணிக்கவில்லை. இயந்திரக் கற்றல் முறைகளும் இதைவிடப் பெரிதாக மேம்பட்ட கணிப்பைத் தரவில்லை. நடுவர்கள் திறமையற்றவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. தொடக்கநிலையில் தாளில் இருக்கும் தகவலுக்கு அவ்வளவுதான் வலு. யாரும் இன்னும் செய்து பார்க்காத ஒன்றைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கையில், எவ்வளவு கூர்ந்து படித்தாலும் இல்லாத தகவல் கிடைக்காது. நியூசிலாந்தின் உடல்நல ஆய்வு மன்றம் இதை ஒப்புக்கொண்டு, 2013இல் துணிச்சலான புதிய ஆய்வு யோசனைகளுக்கான ஒரு நிதியை, அடிப்படைத் தகுதி பார்த்தபின் குலுக்கல் முறையிலேயே வழங்கத் தொடங்கியது. குலுக்கல் போடுங்கள் என்று இந்த நூல் சொல்லவில்லை. தேர்வைக் கூர்மையாக்குவதில் போடும் உழைப்பில் ஒரு பகுதியை, தேர்வுக்கு முன் தகவலை உண்டாக்குவதில் போடுங்கள் என்கிறது.

சிறு பணமும் கேள்வி கேட்கும் ஆளும்

தகவலை உண்டாக்கப் பெரும் பணம் வேண்டுமா? அமெரிக்க எரிசக்தித் துறை சிறு நிறுவனங்களுக்குத் தந்த ஆய்வு நிதியைப் பொருளியலர் சப்ரினா ஹொவெல் ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரை இதற்குத் தெளிவான விடை தருகிறது. முதல் கட்டமாக 1,50,000 டாலர் பெற்ற நிறுவனங்கள், மயிரிழையில் தவறவிட்ட நிறுவனங்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு அளவில் பின்னர் தனியார் முதலீட்டைப் பெற்றன. பத்து லட்சம் டாலர் கொண்ட இரண்டாம் கட்ட நிதியில் அப்படிப்பட்ட பலன் தெரியவில்லை. முதல் பணம் மாதிரியைச் செய்து பார்க்க உதவியதே காரணம் என்பது ஹொவெலின் விளக்கம். செய்து காட்டியபின் ஐயம் குறைகிறது. ஐயம் குறைந்தபின் மற்றவர்கள் பணம் போடுகிறார்கள். நம் ஊர் அளவுக்கு இதை இறக்கினால், ஒரு லட்சத்துக்கும் குறைவான பணம் ஒரு காப்பிப் பருவத்தில் அதே வேலையைச் செய்யும்.

பணம் மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2010இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் சிலி திட்டம் பங்கு கேட்காமல் 40,000 டாலர் தந்தது. அதை ஆராய்ந்தவர்கள், பணமும் அலுவலக இடமும் மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காணவில்லை. தொடர் சந்திப்புகளில் ‘சென்ற மாதம் என்ன செய்வதாகச் சொன்னீர்கள், என்ன செய்தீர்கள்’ என்று கேட்கப்பட்டவர்கள்தான் முன்னேறினார்கள். இத்தாலியில் 116 தொடக்க நிறுவனங்களை இரு பிரிவாக்கி நடத்திய பயிற்சி ஆய்வு 2020இல் வெளிவந்தது. இரு பிரிவினருக்கும் பயிற்சி உண்டு. ஒரு பிரிவினருக்கு மட்டும், தம் யோசனை எந்த ஊகத்தின் மேல் நிற்கிறது என்று எழுதி, அந்த ஊகத்தைச் சோதிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் அதிகம் சம்பாதித்தார்கள். முதல் யோசனையை விட்டு வேறொன்றுக்கு மாறியதும் அவர்களிடம்தான் அதிகம். டோகோவில் 1,500 சிறுதொழில் நடத்துநர்களிடம் செய்த ஆய்வில், வழக்கமான கணக்கெழுதும் வகையிலான பயிற்சி உறுதியான பலன் தரவில்லை. தாமே முன்கை எடுத்து வாய்ப்பைத் தேடப் பழக்கிய பயிற்சி லாபத்தை 30 சதவீதம் கூட்டியது. ஆகவே ‘உதவி’ என்றால் மண்டபத்தில் ஐந்து நாள் வகுப்பும் மதியச் சாப்பாடும் சான்றிதழும் என்று நினைப்பவர்கள், அதை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் வெளிநாட்டைத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. தருமபுரி மாவட்டத்தின் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1990களின் தொடக்கத்தில் மருத்துவப் பணியாக ஆரம்பித்த ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ், அந்த மக்களோடு ஆண்டுக்கணக்கில் பழகிய பிறகே வேளாண்மைக்குள் வந்தது. விவசாயம் கட்டுப்படியாகவில்லை என்று சொன்னவர்கள் அங்குள்ள உழவர்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் முதலில் இயற்கை முறையைத் தம் நிலத்தில் செய்து பார்த்தார்கள். அது நிலைபெற்ற பிறகுதான் சங்கமும் சிறுதானியப் பொருள்களும் வந்தன. லம்பாடிப் பெண்களின் பூவேலைப்பாடும் அதே பள்ளத்தாக்கில் போர்கை என்ற பெயரில் இப்படித்தான் மீண்டது. கொல்லிமலையில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் சிறுதானியத்துக்காகச் செய்த வேலையும் இதே பாடத்தைச் சொல்கிறது. உமி நீக்கும் சிரமமே சாமையை மக்கள் கைவிடுவதற்கு ஒரு காரணம் என்று கண்டு, சிறு அரவை இயந்திரங்களைக் குழுக்களிடம் கொடுத்து ஓட்டிப் பார்த்து, விளைச்சல், அரவை, பொருள், சந்தை என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்ய ஆண்டுகள் பிடித்தன. இந்த இடங்களில் எதிலும் திட்ட அறிக்கை முதலில் வரவில்லை.

வத்தல்மலைக்கு ஒரு திட்டம் வகுத்தால்

ஒரு கோடி ரூபாயை வைத்துக்கொண்டு ஒரு நிதியம் இந்த மலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான முறையில் 25 லட்சம் வீதம் நான்கு பேருக்கு அது போய்விடும். அதற்குப் பதிலாக 20 லட்சத்தை முதலில் தனியே எடுத்துவைக்கலாம். அதில் 10 லட்சம், ஆளுக்கோ குழுவுக்கோ 50,000 வீதம் இருபது சோதனைகளுக்கு. மீதி 10 லட்சம் வழிகாட்டிகளின் ஊதியம், பயணம், தரப் பரிசோதனை ஆகியவற்றுக்கு. எஞ்சிய 80 லட்சம், சோதனை முடித்தவர்களுக்கு மட்டும். சோதனைப் பணத்துக்கு விண்ணப்பம் ஒரு பக்கம் போதும். வாயால் சொன்னதைத் திட்ட ஊழியர் எழுதிக்கொண்டாலும் செல்லும். என்ன செய்யப் போகிறீர்கள், அது பலிக்க எது உண்மையாக இருக்க வேண்டும், அதை எப்படிப் பார்ப்பீர்கள், எவ்வளவு செலவு என்பவை மட்டுமே கேள்விகள். பட்டா, உத்யம், உரிமம் முதலியவை இரண்டாம் கட்டத்துக்குத்தான் தேவை. முதல் கட்டம் நடக்கும்போதே அவற்றை வாங்கித்தரும் பொறுப்பைத் திட்டம் ஏற்று, வருவாய்த் துறையை மாதம் ஒருமுறை மலைக்கே அழைத்துவரலாம்.

காப்பியை எடுத்துக்கொண்டால் சோதனை எப்படியிருக்கும்? ஒரு குழு பதப்படுத்தும் கூடம் கேட்கிறது. கூடத்துக்கு முன் ஒரே பருவத்தில் 300 கிலோ பழத்தை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். பழுத்ததை மட்டும் பறித்து, அன்றைக்கே கையால் சுற்றும் சிறு பல்பரில் தோலுரித்து, ஊறவைத்துக் கழுவி, மண்ணில் படாமல் வலைக்கட்டிலில் காயவைத்தால், ஆறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற வழக்கமான கணக்கில் 50 கிலோ கொட்டை கிடைக்கும். அதில் ஒரு பங்கு காப்பி வாரியத்தின் சுவைப் பரிசோதனைக்கும், மீதி சேலம், பெங்களூரு வாங்குநர்களுக்கும் போகட்டும். பருவ முடிவில் நான்கு விடைகள் கையில் இருக்கும்: பழுத்த பழம் எதிர்பார்த்த அளவு வந்ததா, கூடுதல் விலை எவ்வளவு, கூடுதல் கூலி நாள் எத்தனை, கழுவத் தண்ணீர் கிடைத்ததா. கூடுதல் விலை கூடுதல் கூலியைக் கட்டவில்லை என்றால், பல்பரை விட்டுவிட்டு, பழத்தை ஒழுங்காகக் காயவைத்துச் சரியான எடைபோட்டுக் கூட்டாக விற்பதே லாபம் என்று தெரியவரலாம். 25 லட்சம் செலவழித்துக் கட்டிய கூடத்தில் பூட்டுத் தொங்கும்போது தெரியவேண்டிய செய்தி, சில ஆயிரம் ரூபாயில் முன்னதாகவே தெரிந்துவிடுகிறது. நெல்லுக்கான அரவை இயந்திரத்தில் சாமை நொறுங்குமா என்பதையும் இயந்திரம் வாங்கும் முன் ஒரு மூட்டையை எடுத்துப்போய் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். வீட்டில் பயணிகளைத் தங்கவைப்பதற்கு முதல் சோதனை புதுக்கட்டடம் ஆகாது. இருக்கிற ஓர் அறையில், கழிவறையைச் சரிசெய்து, சில வார இறுதிகளுக்கு ஆள் வருகிறார்களா, வீட்டுப் பெண்களுக்கு அந்த வேலை தாங்குமா என்று பார்ப்பதே போதும்.

இங்கே நாள்காட்டி பெரிய விஷயம். மலையில் சாமை ஆடிக்கு முன்பின்னாக விதைக்கப்பட்டு மூன்று நான்கு மாதத்தில் அறுவடையாகிறது. காப்பிப் பழம் நவம்பருக்குப் பிறகு பழுக்கிறது, மிளகு அதற்கும் பிந்தி, பலா கோடையில். முப்பது நாள் அவகாசம் தந்து பிப்ரவரியில் அறிவிப்பு வந்து மார்ச்சில் பணம் தீரவேண்டும் என்றால், காப்பிக்காரர் எதையும் செய்துபார்த்துச் சொல்ல முடியாது. முந்தைய ஆண்டு கேள்விப்பட்டதையே எழுதுவார். எனவே வாசலை ஆண்டு முழுவதும் திறந்து வைத்து, சோதனைத் தொகையைப் பருவத்துக்கு முன் கொடுக்க வேண்டும். நிதியாண்டு விதி குறுக்கே வந்தால், முதல் கட்டத் தொகையை ஒரு கூட்டமைப்பின் கணக்கிலோ இன்குபேட்டரின் கணக்கிலோ முன்கூட்டியே வைத்துவிடுவது ஒரு வழி.

வழிகாட்டியின் ஊதியத்தை மாற்றுவது அடுத்த வேலை. ஒரு சோதனை முடிந்து அறிக்கை வந்தால் அவருக்குப் பணம். விடை ‘ஆகும்’ என்றாலும் ‘ஆகாது’ என்றாலும் ஒரே தொகை. அவர் யோசனைக்கு மதிப்பெண் போடக் கூடாது, தேர்வுக் குழுவில் உட்காரக் கூடாது. உட்கார்ந்து காத்திருக்கவும் கூடாது. மதுரையிலிருந்து இயங்கும் சேவா அமைப்பு ‘நம்வழி வேளாண்மை’ இதழின் வழியாக உழவர்களின் கண்டுபிடிப்புகளைத் தேடிப்போய்ப் பதிவு செய்ததுபோல, வழிகாட்டிதான் ஊர் ஊராகப் போக வேண்டும். கடைசியாக, மறுப்பு. ‘தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்க இயலவில்லை’ என்ற ஒற்றை வரியை நிறுத்திவிட்டு, எந்த ஊகம் நிரூபணமாகவில்லை, எது தெரிந்தால் முடிவு மாறும், எப்போது மறுபடி வரலாம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, நேரிலும் படித்துச் சொல்ல வேண்டும். நிராகரிக்கப்பட்டவர்கள் எப்போதும் தேர்வானவர்களைவிட அதிகம். திட்டத்தின் அறிவு அந்தப் பெரும்பான்மைக்குப் போய்ச் சேராவிட்டால், அது ஒவ்வோர் ஆண்டும் அதே பிழையுள்ள விண்ணப்பங்களையே படித்துக்கொண்டிருக்கும்.

எதிர்க்கேள்விகள்

முதல் எதிர்ப்பு நியாயம் பற்றியது. பொதுப் பணத்துக்குப் போட்டியிடும் ஒருவருக்குத் திட்டமே கைகொடுத்தால் அது சலுகை ஆகாதா? இப்போதைய நிலையில் உதவி இல்லாமல் இல்லை. காசு கொடுத்து எழுதி வாங்க முடிந்தவருக்கு உதவி இருக்கிறது, முடியாதவருக்கு இல்லை. இலவசமாக எல்லாருக்கும் திறந்திருக்கும் உதவி அந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும். உதவுபவரையும் தேர்ந்தெடுப்பவரையும் பிரித்து வைத்து, யாருக்கு என்ன உதவி தரப்பட்டது என்ற பட்டியலை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டிவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாரும் மனுப்போடத் தேவையே இருக்காது.

இரண்டாவது, தணிக்கை பற்றிய அச்சம். இருபது சோதனையில் பன்னிரண்டு தோற்றால் ஆறு லட்சம் வீண் என்று தணிக்கையாளர் குறிப்பு எழுத மாட்டாரா? எழுதுவார், சோதனைப் பணத்தின் நோக்கம் லாபம் என்று அரசாணையில் எழுதியிருந்தால். அந்தப் பணத்துக்கு ஈடாகத் திட்டம் பெறுவது ஒரு சோதனை அறிக்கை என்று முதலிலேயே வரையறுத்துவிட வேண்டும். அறிக்கை வந்தால் பணம் பயன்பட்டது, வராவிட்டால்தான் வீண். பன்னிரண்டு தோல்விகளில் ஒன்றே ஒன்று 25 லட்ச ரூபாய்த் தவறைத் தடுத்திருந்தாலும், ஒதுக்கிய 20 லட்சமும் திரும்பிவிட்டது.

மூன்றாவது எதிர்ப்பு இன்னும் ஆழமானது. கேள்வி கேட்டுக் கேட்டு, மலை மக்களின் யோசனையை அதிகாரியின் யோசனையாக மாற்றிவிட மாட்டார்களா? இந்த ஆபத்து உண்மையானது. அமெரிக்கப் புதுத்தொழில் போட்டிகளை ஆராய்ந்தபோது, தாழ்ந்த இடம் கிடைத்தது என்று அறிந்தவர்கள் முயற்சியைக் கைவிடுவது கூடியதாக ஹொவெல் வேறொரு கட்டுரையில் காட்டியிருக்கிறார். நகரத்துப் போட்டியாளரையே ஒரு தரவரிசை திருப்பிவிடும் என்றால், அலுவலகத்தில் பேசவே தயங்குபவரை அதிகாரியின் முகச்சுளிப்பு எளிதாகத் திருப்பிவிடும். அதனால்தான் வழிகாட்டியின் அதிகாரத்தைக் கேள்வியோடு நிறுத்த வேண்டும். அவர் ஊகத்தைச் சுட்டலாம். விடையைத் தரக் கூடாது. தொடர்வதா, மாற்றுவதா, விடுவதா என்பதைச் சோதனையின் விடையைப் பார்த்து விண்ணப்பதாரரே முடிவு செய்வார். ஓர் அதிகாரியின் கருத்தை எதிர்த்துப் பேச முடியாதவர்கூடத் தன் கையால் காயவைத்த காப்பியின் விலையை வைத்துப் பேச முடியும்.

நான்காவதாக, மலைக்குத் தேவை யோசனை வளர்ப்பல்ல, சாலையும் மின்சாரமும் பட்டாவும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி முழு உண்மை. பேருந்து வராத மலையில் எந்தக் காப்பித் திட்டமும் தன் செலவில் பாதியைச் சுமைகூலியாகத்தான் கொடுத்திருக்கும். எல்லாக் குறைக்கும் தொழில் தொடங்குவதே மருந்து என்று சொல்லும் திட்டம், அரசின் கடமையை ஏழையின் தலையில் ஏற்றிவிடுகிறது. ஆனால் எந்தத் தடை தொழிலைத் தடுக்கிறது என்று சொல்வதற்கும் சோதனைதான் வழி. பத்துக் குழுக்கள் பத்துச் சோதனை செய்து, ஏழு பேர் தண்ணீரில் தடுக்கி நின்றார்கள் என்றால், மாவட்ட நிர்வாகத்திடம் எடுத்துச்செல்ல அதைவிட வலுவான மனு இல்லை.

இந்த அத்தியாயம் சொல்வதைச் செய்யப் புதுத் திட்டமோ புதுச் சட்டமோ தேவையில்லை. இரண்டு கட்டமாகப் பணம் தரும் ஏற்பாடு புத்தாக்க வவுச்சரில் ஏற்கெனவே இருக்கிறது. வழிகாட்டும் மையங்களும் இருக்கின்றன. அடுத்த அறிவிப்பை வெளியிடும் முன் உங்கள் மேசையில் இருக்கும் வரைவை எடுத்துப் பாருங்கள். மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை விண்ணப்பத்துக்கு முந்திய சோதனைக்கு ஒதுக்குங்கள். வழிகாட்டியின் ஊதியத்தைக் கடன் ஒப்பளிப்பிலிருந்து அவிழ்த்துவிடுங்கள். மறுப்புக் கடிதத்துக்கு ஒரு பக்கம் கொடுங்கள். அதற்குப் பிறகு வரும் விண்ணப்பங்களைப் படிக்க உங்களுக்கே ஆவலாக இருக்கும்.